தும்மலார் பாடிய காடுகள்

பரஞ்சோதி ‘ஆமா’ என்று சொன்ன காலையில்தான் யோகமலருக்குத் தன் காதின்மேல் முதல் சந்தேகம் வந்தது.

அவள் பெரிய கேள்வி எதையும் கேட்டுவிடவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடவோ என்றுதான் கேட்டாள். அடுப்புக்கு மேலே புகையிழுக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. மேசையில் பத்திரிகையும் கையுமாக இருந்த கணவர், அவருக்கே உரிய கரகரத்த குரலில், ‘ஆமா’ என்றார். யோகமலர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். பருத்தித்துறையில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்று, முப்பத்தெட்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்திய மனிதர். சந்தோஷம் என்றால் ‘ஓம்’ என்பார், அலுப்பு என்றால் ‘ஓமோம்’ என்பார். ‘ஆமா’ என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

“என்ன, ஆமாவோ? எப்ப தொடக்கம் இந்தியாக்காரர் ஆனீங்கள்? நாடகம் பாத்துப் பாத்து நாக்கும் மாறிப்போச்சோ?”

பரஞ்சோதி பத்திரிகையைத் தாழ்த்தினார். “நான் ஒண்டும் சொல்லேல்லையே. தலையை ஆட்டினனான், அவ்வளவுதான்.”

யோகமலர் விசிறியை நிறுத்தினாள். வீடு அமைதியானது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்லவும் நாலு வார்த்தை பேச வேண்டும், அதற்கே அவருக்குப் பஞ்சி. அப்படியென்றால் அந்த ‘ஆமா’ எங்கிருந்து வந்தது?

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். யோகமலருக்குச் சோறு போட்டதே காதுதான். இளவயதில் வனவியல் கல்லூரிக்குத் துப்புரவு வேலைக்குப் போனவள், யன்னல் துடைத்துக்கொண்டே, பேராசிரியருக்குக் கேட்காத குருவியை இந்தா அந்த மரத்தில் என்று கைகாட்டிவிட்டாள். அதோடு வேலையே மாறிப்போயிற்று. இப்போது அறுபத்தொரு வயதில், எமன்டால் பள்ளத்தாக்கின் ஹோலென்எக் காட்டுக்கு அவள்தான் சத்தியச் செவியாளர்.

சத்தியச் செவியாளர் என்ற வேலை ஏன் வந்தது என்பது ஒரு கூத்து. எந்தச் சத்தத்தையும் எவரும் வீட்டில் இருந்தபடியே உண்டாக்கலாம் என்று ஆனபிறகு, மரம் வெட்ட ஆசைப்பட்டவர்கள் பறவையே இல்லாத காட்டைப் பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டைக் காக்க வந்தவர்களும் சளைக்கவில்லை, ஒரு மரத்துக்கு நாலு குயில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றம் களைத்துப்போய், இனி ஒரு மனிதர் சத்தியம் செய்து ‘என் காதால் கேட்டேன்’ என்று சொல்வது மட்டும்தான் செல்லும் என்று சட்டம் போட்டது. கண்ணுக்குக் கண்ணாடி போடுவதுபோலக் காதுக்குக் கருவி போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

எதைக் கேட்பது என்பதையும் சட்டமே சொன்னது. ஊசியிலைக் காடு உயிரோடு இருக்கிறதா என்று அறிய அது தேர்ந்தெடுத்தது பொன்முடிக் குருவியை. ஜெர்மன்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் பறவையைவிட நீளம். ஆள் மொத்தமே ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. பச்சைச் சட்டை, உச்சந்தலையில் மஞ்சள் கோடு. பாசியையும் மரச்செதிலையும் சிலந்தி நூலால் தைத்து, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்துக் கிளையின் அடிப்பக்கம் ஒரு கிண்ணத்தைத் தொங்கவிட்டு, அதற்குள் பத்து முட்டை இடும். அத்தனை முட்டையையும் அந்தத் துளி உடம்பால் மூட முடியாது என்பதால், கால்களை முட்டைகளுக்கு நடுவே விட்டுக் காலாலேயே சூடு கொடுக்கும். பனிக்கால இரவில் இரண்டு மூன்று பேராக ஒட்டிக்கொண்டு கிடக்கும். விடியும்போது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும். இரண்டு பனிக்காலம் கண்டுவிட்டால் அது தன் இனத்தில் கிழம்.

அதன் பாட்டுத்தான் சிக்கல். அவ்வளவு மெல்லிய, அவ்வளவு உயரமான ஒலி ஐம்பது வயதைத் தாண்டிய காதுக்கு எட்டுவதில்லை. யோகமலருக்கும் ஐம்பத்திரண்டில் எட்டாமல் போனது. அப்போதுதான் காதுக்குப் பின்னால் கருவி வைத்தார்கள். அதன்பிறகு ஒன்பது வருடமாக ஒவ்வொரு வைகாசியிலும் அவள் ஹோலென்எக்கில் பன்னிரண்டு ஆண் குருவிகளைக் கேட்டு, பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வருகிறாள். ஒன்பதுக்குக் குறைவு என்று சத்தியச் செவியாளர் ஒருவர் சொன்னால்தான் அங்கே மரம் அறுக்கும் இயந்திரம் நுழையலாம். இந்த வருடம் ஒரு மரக் கம்பனி அனுமதி கேட்டிருந்தது. விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம்.

சீனி கரையாத தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அவள் காட்டுக்குப் போனாள்.

மூன்றாம் பாதை வளைவில், வழக்கம்போல, தும்மலார் பாடினார். ஒவ்வொரு ஆண் குருவியும் பாட்டை ஒவ்வொரு விதமாக முடிக்கும். அதை வைத்து யோகமலர் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். சுருக்கர், இழுவையர், தும்மலார். தும்மலார் ‘சி-சி-சி’ என்று ஏறிப்போய்க் கடைசியில் ‘திரிச்சும்’ என்று தும்முவார். மரியாதையான தும்மல். அவள் அவரை முதன்முதலில் கேட்டது நாற்பத்தாறு வயதில், சொந்தக் காதால்.

அன்றைக்கு அவள் நின்ற இடத்திலேயே விரல்விட்டு எண்ணினாள். பதினைந்து வருடம். இரண்டு வருடம் வாழும் குருவி, பதினைந்து வருடமாக ஒரே வளைவில் ஒரே தும்மலைத் தும்முகிறது. இதை அவள் கவனிக்காமலும் இல்லை. தகப்பன் பாட்டை மகன் படிக்கிறான், ஹோலென்எக் குருவிகளுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது என்று பெருமையாக ஒரு கட்டுரைகூட எழுதி, கைதட்டலும் வாங்கியிருந்தாள். நினைக்க நினைக்க முகம் சுட்டது. பேசாத மனிதரின் வாயில் ‘ஆமா’வை வைத்த கருவி, குருவியின் வாயில் எதைத்தான் வைக்காது?

மறுநாள் காதுச் சிகிச்சை நிலையத்தில், கருவிகளைப் பார்க்கும் ரெகூலா என்ற பெண் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். மறைக்க ஏதும் இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“நிரப்பு என்று அதற்குப் பெயர். சத்தம் காற்றில் உடைந்து வரும்போது, விடுபட்ட துண்டைக் கருவி ஊகித்துப் போடும். தொலைபேசியில் பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியைத் தானே போடுகிறதல்லவா, அதேதான். முன்பு குருவிப் பாட்டு, ‘ம்’ என்பதுபோன்ற ஒலிகளை மட்டும் போட்டது. பங்குனியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு சொற்களையும் போடுகிறது.”

‘ஆமா’ எங்கிருந்து வந்தது என்று யோகமலர் கேட்டாள். தமிழுக்கு ஒரே ஒரு சொற்கட்டுத்தான் செய்திருக்கிறார்கள், அது சென்னைத் தமிழ் என்று ரெகூலா திரையைப் பார்த்துச் சொன்னாள். தமிழில் ஒன்றுக்கு மேல் உண்டா என்று அப்பாவியாகக் கேட்கவும் செய்தாள். வேறொரு நாளாக இருந்தால் யோகமலர் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பாள்.

“பாதி வந்தால் மீதியைப் போடலாம், சரி. ஒன்றுமே வராவிட்டால்?”

ரெகூலா கொஞ்சம் தயங்கினாள். “நீங்கள் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும். தலை அசையாமல் நிற்கிறது, மூச்சு மெதுவாகிறது. காத்திருப்பவரை அது ஏமாற்றாது.”

“பொன்முடி எப்படிப் பாடும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“நீங்கள்தான். கருவி வைத்தபோது உங்கள் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார்களே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.”

கொடுத்திருந்தாள். கருவியை இலவசமாக வைத்தார்கள். தன் நல்ல காலத்துக் காது வீணாகாது என்ற பெருமையில் இருபது வருடப் பதிவையும் அள்ளிக் கொடுத்திருந்தாள். நிரப்பை நிறுத்திவிடு, உயர்ந்த சுருதியைத் தாழ்த்திக் கேட்கச் செய்வது மட்டும் போதும் என்று ரெகூலாவிடம் சொன்னாள். கூட்டச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள், நிறுத்தச் சொல்லி வந்தது நீங்கள்தான் முதல் என்றபடி அவள் நிறுத்தினாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் யோகமலர் மூன்று கேள்வி கேட்டாள். கறிக்கு உப்பு சரியோ, மகள் போன் எடுத்தவளோ, நாளைக்கு மழையாமோ. மூன்றுக்கும் பதில் வரவில்லை. பரஞ்சோதி தலையை மட்டும் அசைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

“ஏன் இப்பிடிக் கதையாமல் இருக்கிறீங்கள்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதை இப்போதுதான் கேட்கிறாளே என்ற வியப்பு அந்த முகத்தில் இருந்தது.

“முந்திக் கதைச்சனான்தானே. ஒருக்கா ஏதோ யோசினையிலை பதில் சொல்லாமல் இருந்திட்டன். நீர் சிரிச்சுப்போட்டுப் போனீர். அடுத்த நாளும் அப்பிடித்தான். நான் கதைக்காட்டியும் உமக்குப் போதும்போலை கிடந்துது. பிறகேன் கதைப்பான் எண்டு விட்டிட்டன்.”

யோகமலர் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சீறி, நன்றாகவே அழுதாள். ஒன்பது வருடமாக வீட்டுக்குள் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வாயடைத்துப் போயிருக்கிறார். அவளோ, நல்ல மனுசன், எல்லாத்துக்கும் ‘ம்’ கொட்டுவார் என்று ஊரெல்லாம் மெச்சித் திரிந்திருக்கிறாள். பரஞ்சோதிக்கு அழுகையைக் கையாளத் தெரியாது. எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினார். கழுவிக்கொண்டே, நாளைக்குக் காட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

அடுத்த பதினோரு காலை இரண்டு பேரும் ஹோலென்எக்கில் நின்றார்கள். நிரப்பு இல்லாத காதில் மூன்றாம் பாதை வளைவு ஊமையாக இருந்தது. சுருக்கரின் மேட்டிலும் ஒருவரும் இல்லை. ஐந்தாம் நாள் ஒன்று பாடிற்று. அவள் அறியாத புதிய முடிப்பு. எட்டாம் நாள் இன்னொன்று. ரயிலின் சமிக்ஞை விளக்கை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுபிடித்துப் பழகிய பரஞ்சோதியின் கண், பத்தாம் நாள், தலைக்கு மேலே பாசிக் கிண்ணம் ஒன்றைப் பிடித்தது. அதற்குள் இரை கொண்டுபோன ஆண் குருவி ஒருதரம்கூடப் பாடவில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் பாடி என்ன பயன் என்று இருந்துவிட்டதுபோல. அதையும் சேர்த்து மூன்று.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றியபடி பரஞ்சோதி மெல்லத் தொடங்கினார். பன்னிரண்டு என்று போட்டால் காடு நிற்கும், மூன்று என்று போட்டால் காடு போகும், யாரும் இவளைச் சோதிக்கப் போவதுமில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கோபமூட்டியது.

“உமக்குக் காடு வேணுமோ, கணக்கு வேணுமோ?” என்று முடித்தார் அவர்.

“காடுதான் வேணும். ஆனால் பொய்யிலை நிக்கிற காட்டிலை, கடைசிக் குருவி செத்த அண்டைக்கும் நான் பன்னிரண்டு எண்டுதான் எழுதிக்கொண்டு இருப்பன். அது செத்தது ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்.”

பரஞ்சோதி மறுபேச்சுப் பேசவில்லை. இந்தமுறை அது மௌனம்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அது ஆறுதலாகவும் இருந்தது.

விசாரணை ஊர் மண்டபத்தில் நடந்தது. செவியாளர்கள் வருடாந்தச் சத்தியத்தைப் புதுப்பிக்கும் நாளும் அதுவே என்பதால், நாட்டின் மற்றப் பக்கங்களிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்; இந்த வேலைக்கு இளையவர் எவரும் வருவதில்லை. கம்பனியும் தன் பங்குக்கு ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்திலிருந்து லொரென்ஸ் என்ற செவியாளரைக் கூட்டி வந்திருந்தது. பெரிய மீசை, திறந்த மனம். காப்பி வரிசையில் யோகமலரிடம் அவர் தாமே சொன்னார்: கம்பனிக்குப் பிடிக்காது, ஆனாலும் என்ன செய்ய, நானும் உங்கள் காட்டில் பதினொன்று கேட்டேன்.

அவர் நல்லவர் என்பது அவளுக்கு விளங்கியது. அவர் காதுக்குப் பின்னால் இருந்த கருவியும் கண்ணில் பட்டது. உங்கள் ஊர்க் காட்டில் எப்படி என்று விசாரித்தாள். எங்கள் ஊர்ப் பொன்முடிபோல உலகத்தில் இல்லை, அதன் முடிப்பே தனி என்றார் லொரென்ஸ். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, கண்ணை மூடி, மீசைக்கு அடியிலிருந்து முனகிக் காட்டினார். சி-சி-சி. திரிச்சும்.

யோகமலர் காப்பி வரிசையிலிருந்து விலகி நின்றாள். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், அவள் பெயர்கூடக் கேள்விப்படாத காட்டில், தும்மலார் தும்மிக்கொண்டிருக்கிறார். பொன்முடி என்றால் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் தெரிந்தது ஹோலென்எக் மட்டும்தான். அவள் கொடுத்த பன்னிரண்டு குருவிகள். எப்போதோ செத்து மண்ணாகிவிட்டவை.

விசாரணைத் தலைவர் அம்ஸ்டுட்ஸ் அவளைக் கூப்பிட்டார். சத்தியம் செய்யச் சொன்னபோது, அதற்கு முன் ஒரு வேண்டுகோள் என்றாள். உள்நாட்டுச் செவியாளர்கள் நாலு பேரும் தங்கள் தங்கள் காட்டில் அதிகம் கேட்ட பொன்முடியின் முடிப்பை முனகிக் காட்ட வேண்டும். தலைவர் புருவத்தை உயர்த்தினார், ஆனாலும் விட்டார். முதலாமவர் எழுந்து தும்மினார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. இரண்டாமவர் தும்மியபோது சிரிப்பு குறைந்தது. மூன்றாமவர் தும்மியபோது மண்டபத்தில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. நாலாவதாக எழுந்த ட்சூர்புஹன் என்ற எழுபத்து மூன்று வயது அம்மையார், மற்றவர்களைப் பார்த்துவிட்டு, முனகாமலே உட்கார்ந்தார்.

யோகமலர் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வருடக் கையெழுத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். நிரப்பை நிறுத்திவிட்டுத் தேடியதில் மூன்றே மூன்று கிடைத்தது என்பதையும் சொன்னாள்.  எண்ணை விழுங்கவில்லை.

கம்பனியின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். மூன்று என்றால் ஒன்பதுக்குக் குறைவு, ஆகவே அனுமதி கொடுங்கள்.

அம்ஸ்டுட்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்தச் செவியாளர் சொன்ன மூன்று? இந்த அம்மா தன் சத்தியத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்ட பன்னிரண்டும் செல்லாது, மூன்றும் செல்லாது. உங்கள் ஆள் கேட்ட பதினொன்றும் செல்லாது. குறைவு என்று சத்தியம் செய்ய இந்த நாட்டில் இன்றைக்கு ஒரு காது இல்லை. அப்படி ஒன்று வரும்வரைக்கும் எந்தக் காட்டிலும் வெட்டு இல்லை.”

எல்லாக் காட்டையும் கண்ணால் பார்த்து, கூடு கூடாக முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று அவர் எழுதச் சொன்னார். எத்தனை வருடம் ஆகும் என்று யாரோ கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. குருவிகள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. யோகமலர் சட்டையில் குத்தியிருந்த செவியாளர் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேலை போய்விட்டது. 

லொரென்ஸ் தன் கருவியைக் கழற்றி அவள் வில்லைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மகன் செத்த வீட்டுக்காரர் முகம்போல இருந்தது. மற்ற மூவரும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கண்ணால் எண்ணும் வேலைக்கு யோகமலர் அங்கேயே பெயர் எழுதத் தொடங்கினாள்; முதல் பெயர் பரஞ்சோதியுடையது, அவரைக் கேளாமலே.

ட்சூர்புஹன் அம்மையார் மட்டும் காதின்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யோகமலர் அருகில் போனாள். இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் கழற்றவில்லை என்று கேட்கும் வேகத்தோடுதான் போனாள்.

“என்னால் முடியாது,” என்றார் அம்மையார். “என் யாக்கோப் போய் நாலு வருடம். காலையில் நான் வணக்கம் சொன்னால் சமையலறையிலிருந்து இன்னும் பதில் வருகிறது. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். பைத்தியம் இல்லை. ஆனால் இதைக் கழற்றினால் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.”

காட்டைப் பற்றியும் குருவியைப் பற்றியும் தன் சத்தியத்தைப் பற்றியும் யோகமலர் மூன்று வாரம் தூங்காமல் யோசித்திருந்தாள். யாக்கோபைப் பற்றி யோசித்திருக்கவில்லை.  நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு தாளில் அம்மையாரின் பெயரையும் எழுதினாள்.

“கழற்ற வேண்டாம்,” என்றாள். “வெள்ளிக்கிழமை காலையில் காட்டுக்கு வாருங்கள். யாக்கோபையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணும்போது மட்டும் அவரைச் சேர்க்காதீர்கள்.”